விமானக் காட்சியும் வேலிக் கோடும்

இங்கிலாந்தின் தென்கரையிலே, சசெக்ஸ் பகுதியில், ஏடர் என்னும் சிற்றாறு கடலொடு கலக்கும் இடத்துக்கு அண்மையில் ஷோரம் என்னும் சிறிய விமான நிலையம் ஒன்று உண்டு. பிரித்தானியாவின் மிகப் பழைய விமான நிலையங்களுள் அது ஒன்று. கோடை காலத்தின் பிற்பகுதியில் ஆண்டுதோறும் அங்கே விமானக் காட்சி நடைபெற்று வந்தது. தாத்தாவும் பேரனும் ஒரே பாயில் அமர்ந்து வானத்தை நோக்கியிருக்கும் குடும்ப விழா அது. இரண்டாம் உலகப்போரில் பறந்த ஸ்பிற்பயர், ஹரிக்கேன் முதலிய விமானங்கள் அங்கே மீண்டும் பறக்கும். அவற்றின் இயந்திர ஒலியைக் கேட்பதற்காகவே வருவோர் பலர். 1940 இல் அந்த வானத்திலேதான் பிரித்தானிய வான்சமர் நடந்தது என்பதை நினைத்தால், அந்த ஒலி அவர்களுக்கு வெறும் இரைச்சலன்று என்பது விளங்கும்.

2015 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22 ஆம் திகதி, அச்சமரின் 75 ஆவது ஆண்டு நிறைவிலே, அந்தக் காட்சியில் ஒரு பழைய போர் விமானம் வீழ்ந்து பதினொருவர் மாண்டனர். அது எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், காட்சிக்கு வரும் மக்களுக்கும் பறக்கும் விமானத்துக்கும் நடுவே போடப்படும் ஒரு கோட்டின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

தொடக்கத்திலே அப்படி ஒரு கோடு பெயரளவிலேதான் இருந்தது. 1909 ஓகஸ்ட் 22 முதல் 29 வரை, பிரான்சிலே ரேம்ஸ் நகருக்கு அருகிலுள்ள பெத்தெனிச் சமவெளியில், உலகின் முதலாவது பெரும் விமான விழா நடந்தது. லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்து ஒரு மாதமே ஆகியிருந்தது. மழை பெய்து நிலமெல்லாம் சேறு. ஆயினும் மக்கள் இலட்சக்கணக்கில் திரண்டனர். வேகப் போட்டியில் அமெரிக்கரான கிளென் கேர்ட்டிஸ், பிளேரியோவை ஆறு விநாடிக்கும் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். அவருடைய வேகம் மணிக்கு ஏறத்தாழ 47 மைல். இன்று சாதாரண மோட்டார் வண்டியும் அதனை எளிதில் விஞ்சிவிடும். அந்த வேகத்திலே பறந்த மரச்சட்டமும் துணியும் விழுந்தாலும், பெரும்பாலும் அதனை ஓட்டியவனுக்கே ஆபத்து. பார்த்து நின்றவன் விலகி ஓடுவதற்கு நேரம் இருந்தது.

முதல் உலகப்போர் விமானத்தைப் படைக்கலமாக்கியது. 1920 முதல் 1937 வரை இலண்டனுக்கு அண்மையிலுள்ள ஹெண்டனில் பிரித்தானிய அரச வான்படை ஆண்டுதோறும் தன் ஆற்றலைப் பொதுமக்களுக்குக் காட்டியது. அங்கே பாலைவனக் கோட்டை போன்ற பொய்க் கட்டடத்தை எழுப்பி, விமானங்கள் குண்டு வீசி அதனை அழிப்பதும் ஒரு நிகழ்ச்சி. மக்கள் கைதட்டி மகிழ்ந்தனர். அதே காலத்தில் ஈராக்கின் கிராமங்கள்மீது அதே படை வீசிய குண்டுகள் பொய்க் குண்டுகளல்ல என்பதை அன்று கைதட்டியவருள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனரோ!

கோட்டின் தேவையை உலகுக்கு உணர்த்தியது 1952 ஆம் ஆண்டு. அவ்வாண்டு செப்டெம்பர் 6 ஆம் திகதி, சனிக்கிழமை, பார்ன்பரோ விமானத் தளத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். ஜெற் இயந்திரம் வந்துவிட்ட காலம் அது. ஒலியின் வேகத்தை விஞ்சும் விமானங்கள் எழுப்பும் இடிமுழக்கத்தைக் கேட்க மக்கள் ஆவலோடிருந்தனர். டி ஹவிலண்ட் 110 என்னும் புதிய விமானத்தை ஜோன் டெரி ஓட்டினார். அன்ரனி ரிச்சர்ட்ஸ் உடன் இருந்தார். பிரித்தானிய விமானிகளுள் முதன்முதலாக ஒலியை விஞ்சியவர் எனப் போற்றப்பட்டவர் டெரி. அச்சாதனை நிகழ்ந்ததும் ஒரு செப்டெம்பர் 6 ஆம் திகதியிலேதான், 1948 இல்.

உயரத்திலிருந்து பாய்ந்து முழக்கம் எழுப்பியபின், விமானம் தாழ்ந்து பறந்து வளைந்து கூட்டத்தை நோக்கித் திரும்பியது. அக்கணமே இறக்கையின் முன்விளிம்பு வலுவிழக்க, விமானம் வானத்திலேயே சிதறிற்று. கழன்ற இயந்திரங்களுள் ஒன்று, குன்றின்மேல் நெருங்கி நின்ற மக்களிடையே விழுந்தது. பார்வையாளர் 29 பேரும் விமானத்திலிருந்த இருவரும் மாண்டனர். விமானி பிழை செய்யவில்லை. இயந்திரத்தின் குறைக்கு மக்கள் நின்ற இடம் பலியாயிற்று.

ஓடுபாதையிற் கிடந்த சிதறல்கள் அகற்றப்பட்டதும் காட்சி தொடர்ந்தது. அடுத்து எழுந்தவர் நெவில் டியூக். அவர் ஓட்டியது ஹோக்கர் ஹண்டர் என்னும் புதிய போர் விமானம். நண்பர் மாண்ட சில நிமிடங்களில் அதே வானத்திலே ஏறி, அதே முழக்கத்தை எழுப்பினார் அவர். அதனை வீரம் எனப் பலர் பாராட்டினர். டியூக்கின் நெஞ்சுரத்தை மறுப்பதற்கில்லை. ஆயின், இறந்தவர்களைச் சுமந்து செல்லும்போது காட்சியைத் தொடரச் செய்த முடிவை அதே சொல்லால் புகழ்வது எளிதன்று.

அதன்பின் கோடு உறுதியாகக் கிழிக்கப்பட்டது. ஜெற் விமானம் நேராகப் பறப்பின் மக்களிலிருந்து ஏறத்தாழ 230 மீற்றரும், வளைந்து சாகசம் செய்யின் 450 மீற்றரும் விலகியிருத்தல் வேண்டும். 150 மீற்றருக்குத் தாழ்தல் கூடாது. இவ்விதி பிற நாடுகளில் இத்துணைக் கண்டிப்பாக இருக்கவில்லை. 1988 ஓகஸ்ட் 28 இல் மேற்கு ஜேர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில், இத்தாலிய வான்படைக் குழுவின் விமானங்கள் மூன்று மோதின. கூட்டத்தை நோக்கிப் பறந்துகொண்டிருந்த ஒன்று நேரே மக்கள்மீது விழுந்தது. எழுபது பேர் மாண்டனர். 2002 யூலையில் உக்ரேனின் லிவிவ் நகருக்கு அண்மையில் போர் விமானமொன்று பார்வையாளரிடையே பாய்ந்து 77 பேரைப் பலிகொண்டது. பிரித்தானியாவிலோ 1952 இன் பின்னர் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் காட்சி பார்க்க வந்த கூட்டம் பாதுகாப்பாகவே வீடு திரும்பியது. கோடு தன் கடமையைச் செய்தது.

டியூக் ஓட்டிய ஹண்டரின் வாழ்வு நீண்டது. 1953 செப்டெம்பர் 7 இல் சசெக்ஸ் கரையோரத்திலே, லிற்றில்ஹாம்ரன் அருகில், செந்நிறம் பூசிய ஹண்டரிலே மணிக்கு 727 மைல் வேகத்தில் பறந்து அவர் உலக சாதனை படைத்தார். ஷோரம் அங்கிருந்து அதிக தூரமில்லை. பின்னர் இந்தியா, சிங்கப்பூர் உட்படப் பல நாடுகளின் வான்படைகளில் ஹண்டர்கள் பணிபுரிந்தன. படைகள் கைவிட்டபோது, ஆர்வலர் சிலர் அவற்றை வாங்கிப் பழுதுபார்த்துக் காட்சிகளிற் பறக்கச் செய்தனர். ஷோரத்தில் அன்று பறந்த ஹண்டர் 1955 இல் செய்யப்பட்டது. அறுபது வயது நிறைந்தது.

அது தாழ்ந்து வந்து மேலெழுந்து, தலைகீழாகி, மீண்டும் இறங்கும் ஒரு பெருவட்டத்தைத் தொடங்கிற்று. வட்டத்தின் உச்சியிலே குறைந்தது 3,500 அடி உயரம் வேண்டும். விமானம் அடைந்தது 2,700 அடியளவே. வேகமும் போதாது. உச்சியிலே அதனை உணர்ந்து, வட்டத்தைக் கைவிட்டு நேராகப் பறந்திருப்பின் தப்பியிருக்கலாம் என 2017 இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறியது. தப்புவதற்கு இருந்த அவகாசம் சில விநாடி மாத்திரமே. வட்டம் முடியுமுன் நிலம் வந்துவிட்டது.

விழுந்த இடம் எது என்பதே இங்கு உற்று நோக்கற்பாலது. அது நிலையத்தின் வேலிக்குள் அன்று. வேலிக்கு வெளியே செல்லும் ஏ27 என்னும் பெருந்தெரு. வண்டிகள் போக்குவரத்து விளக்கடியில் நின்றுகொண்டிருந்தன. பணம் கொடுத்து உள்ளே அமர்ந்திருந்தவர் ஒருவரும் மாளவில்லை. மாண்ட பதினொருவரும் தெருவில் இருந்தவர்கள். பந்தாட்டத்துக்குப் புறப்பட்டவரும், தொழில்மேற் சென்றவரும், ஓரமாக நின்று வானத்தை அண்ணாந்து பார்த்தவரும் அவர்களுள் இருந்தனர். காட்சி நடப்பதைக்கூடப் பொருட்படுத்தாது சென்றவர்களுக்கு அந்தக் கோடு என்ன காவல் செய்யக்கூடும்? 1952 இன் விதி, குன்றின்மேல் நின்ற மக்களை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. வேலியின் மறுபுறத்திலும் மனிதர் உண்டு என்பது அதன் கணக்கிற் போதிய இடம் பெறவில்லை. விசாரணை அறிக்கையும் காட்சித் திடலுக்கு வெளியே கூடுவோரின் ஆபத்தைத் தனியே எடுத்துரைத்தது.

விமானி கடுங்காயத்துடன் உயிர் தப்பினார். 2019 இல் நடந்த வழக்கிலே நடுவர் குழுவினர் அவரைக் குற்றவாளி அல்லர் எனத் தீர்த்தனர். 2022 டிசெம்பரில், மரண விசாரணை அதிகாரி அப்பதினொருவரும் சட்டத்துக்கு மாறாகக் கொல்லப்பட்டனர் என முடிவு செய்தார். இரண்டு மன்றங்களும் வெவ்வேறு அளவுகோல் கொண்டு அளந்தன. ஆகையால் இரண்டும் சட்டப்படி நிற்கக்கூடியனவே. உறவினரின் மனத்தில் அவை ஒன்றாக நிற்குமா என்பது வேறு.

விபத்தின் பின்னர் ஹண்டர்கள் தற்காலிகமாகத் தரையில் நிறுத்தப்பட்டன. பழைய ஜெற் விமானங்கள் நிலத்தின்மேல் சாகசம் செய்வதும் தடுக்கப்பட்டது. காட்சி நடத்துவோர் வேலிக்கு வெளியே கூடும் மக்களையும், அருகில் ஓடும் தெருக்களையும் கணக்கிலெடுக்கவேண்டியவராயினர். அதனாற் செலவு கூடியது என்று சில சிறிய காட்சிகளை நடத்தியோர் குறைகூறினர். குறை உண்மையே, ஆயினும் அதனைத் தெருவிலே நின்று கேட்பவர்க்கு அது பெரிதாகத் தோன்றாது.

ஷோரத்தில் அந்தக் காட்சி பின்னர் நடைபெறவில்லை. ஏடர் ஆற்றின் பழைய மரப் பாலத்திலே விபத்து நடந்த நாள்களில் மக்கள் மலர்களைக் குவித்தனர். 2019 இல் அப்பாலத்தின் அருகே, ஆற்றங்கரையில், மாண்டவர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாகப் பதினொரு வளைவுகள் நிறுத்தப்பட்டன.