‘க்ளோன்’ என்னும் கட்டளை: ஒரு படியெடுப்பின் வரலாறு

மூலநிரலும் ஒரு பிரதிதான். கணிப்பொறிக்கு இடும் ஆணைகளை மனிதர்கள் எழுதுகிறார்கள், திருத்துகிறார்கள், அடித்துவிட்டு மீண்டும் எழுதுகிறார்கள். எந்த வரியை யார், எந்நாளில், எக்காரணம் பற்றி மாற்றினார் என்னும் குறிப்புகளோடு அப்பிரதி சேமிக்கப்படும் இடத்தையே நிரல் களஞ்சியம் என்கிறோம். இத்தகைய களஞ்சியங்களை ஒன்றாகவோ நூற்றுக்கணக்கிலோ ஒரே வரிக் கட்டளையால் படியெடுக்க இன்று கருவிகள் உள்ளன. எளிதாகத் தோன்றும் இச்செயலுக்குப் பின்னே ஓர் உரிமைப் பூசலும், மயிரிழையில் தப்பிய ஒரு பேரிழப்பும் உண்டு.

திருத்தங்களின் வரலாற்றைக் காக்கும் முயற்சி பழையது. 1972இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ரோச்கைன்ட் எஸ்.சி.சி.எஸ். என்னும் கருவியைத் தொடங்கினார். 1986இல் டிக் கிரூன் சி.வி.எஸ்.ஸுக்கு வித்திட்டார். ஆயினும் சி.வி.எஸ். முறையில் வரலாறு முழுவதும் மைய வழங்கியிலேயே தங்கிவிடும். தொலைவிலிருந்து எழுதுவோர் கைக்கு வருவது அன்றைய நிலையிலுள்ள பிரதி மட்டுமே. மையம் அழிந்தால் முன்னோர் செய்த திருத்தங்களும் அதனோடு அழியும்.

லினக்ஸ் கெர்னலின் ஆசிரியர் லினஸ் டோர்வால்ட்ஸ் 2002இல் லாரி மெக்வாயின் பிட்கீப்பரைத் தேர்ந்தார். அது ஒவ்வொருவருக்கும் முழு வரலாற்றோடு கூடிய படியைத் தந்தது. கட்டற்ற மென்பொருள் எழுதுவோருக்கு விலையும் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: இலவசமாகப் பெறுவோர் அதற்குப் போட்டியான கருவி எதையும் உருவாக்கலாகாது. ஆயிரக்கணக்கானோர் எழுதிய பொதுச்சொத்தின் முழு வரலாற்றைப் பெற ஒரு தனியார் நிறுவனத்தின் ஒப்பந்தத்துக்கு உடன்படவேண்டும் என்பது பலரை உறுத்தியது.

அவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். சாம்பாவை எழுதியவர் அவர்; 1996இல் பால் மெக்கராஸுடன் சேர்ந்து, கோப்புகளில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பிப் படியெடுக்கும் ஆர்சிங்க் கருவியைத் தந்தவரும் அவரே. பிட்கீப்பரின் உதவியின்றி அதன் வழங்கியோடு உரையாட அவர் முயன்றார். இம்முயற்சியால் சினமுற்ற மெக்வாய் 2005 ஏப்ரலில் இலவச உரிமத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். டோர்வால்ட்ஸும் ட்ரிட்ஜெலையே வெளிப்படையாகக் கடிந்துகொண்டார்.

அதே மாதம் கான்பெராவில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் ட்ரிட்ஜெல் தம் செயலின் எளிமையை மேடையிலேயே காட்டினார். டெல்நெட் வழியே பிட்கீப்பர் வழங்கியோடு இணைந்து ‘ஹெல்ப்’ என்று தட்டச்சிட்டார். வழங்கி தான் அறிந்த கட்டளைகளை வரிசையாகச் சொல்லிற்று. அவற்றுள் ஒன்று ‘க்ளோன்’. அச்சொல்லை அனுப்பினால் களஞ்சியம் முழுவதும் வந்து சேரும். பெரும் சூழ்ச்சி என்று பேசப்பட்டதன் அடித்தளம், கேட்டால் விடைதரும் ஒரு வழங்கியிடம் கேட்டதுதான்.

பிட்கீப்பரை இழந்த டோர்வால்ட்ஸ் அம்மாதத் தொடக்கத்திலேயே கிட் என்னும் புதிய கருவியை எழுதத் தொடங்கியிருந்தார். ஏப்ரல் 7இல் கிட் தன் நிரலைத் தானே காக்கும் நிலைக்கு வந்தது. ஏப்ரல் 16இல் கெர்னல் அதனுள் குடிபுகுந்தது. இதில் ஒரு முரண் உண்டு. வரலாற்றின் பொருட்டு எழுந்த பூசலில் பிறந்த கிட்டுக்குள் கெர்னலின் பழைய வரலாறு கொண்டுவரப்படவில்லை. கோப்புகளின் அன்றைய நிலையே முதல் பதிவாயிற்று. முந்தைய காலம் பின்னர் தனிக் களஞ்சியமாகத் தொகுக்கப்பட்டது. எனினும் பின்னர் ‘கிட் க்ளோன்’ என்று கட்டளையிடுவோர் எவர்க்கும் பிரதியும் அதன் வரலாறும் ஒருசேரக் கிடைத்தன. பிட்கீப்பரின் மூலநிரலும் 2016இல் திறந்துவிடப்பட்டது.

களஞ்சியங்கள் பெருகவே, தனித்தனியே படியெடுப்பது இயலாததாயிற்று. பற்பல களஞ்சியங்களாகப் பிரிந்திருக்கும் ஆண்ட்ராய்டுக்காக கூகுள் ‘ரெப்போ’ என்னும் கருவியைச் செய்தது. ஒரு பட்டியலைப் படித்து, அதிலுள்ள அனைத்தையும் அது இறக்கித் தரும். இனி எதுவும் அழியாது என்று நாம் ஆறுதல் கொள்ளலாமா?

கொள்ளலாகாது என்று 2013 மார்ச்சில் கே.டி.இ. திட்டத்துக்கு நேர்ந்தது உணர்த்தியது. பராமரிப்புக்காக நிறுத்திய அதன் தலைமை வழங்கியை மீண்டும் இயக்கியபோது கோப்பு முறைமை சிதைந்திருந்தது. ஏறத்தாழ 1500 களஞ்சியங்கள் அதில் இருந்தன. பல இடங்களிலிருந்த நிழல் வழங்கிகள் தலைமையைப் பார்த்து அவ்வப்போது தம்மைத் திருத்திக்கொள்பவை. களஞ்சியங்களின் பட்டியலே பழுதுபட்டதால், அதில் காணாதவை நீக்கப்பட்டவை எனக் கருதித் தம்மிடமிருந்த நல்ல படிகளை அவை அழித்துவிட்டன. அப்போதுதான் நிறுவப்பட்டுக்கொண்டிருந்த வேறொரு வழங்கியில் முழுப்படி எஞ்சியிருந்ததால் திட்டம் பிழைத்தது. கருவிகள் இட்ட பணியைத் தவறாமல் செய்தன. ஆபத்தும் அதனால்தான் வந்தது.

மூலபாட ஆய்வில் பழகியோர்க்கு இது புதிதன்று. ஒரே தாய்ப்பிரதியைப் பார்த்து எழுதிய நூறு படிகளும் அதன் பிழையைச் சுமக்கும்; விலகி நின்ற ஒரு படியே பிழையைக் காட்டிக்கொடுக்கும். 2015இல் கிடோரியஸும் 2016 ஜனவரியில் கூகுள் கோடும் மூடப்பட்டன. அவ்வாண்டே பிரான்சின் இன்ரியா நிறுவனம் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் ஆவணகத்தை உலகுக்கு அறிவித்தது. உலகின் பொதுக் களஞ்சியங்களைத் தொகைதொகையாகப் படியெடுக்கும் அவ்வாவணகம், மூலம் மறைந்தபின்பும் தன் படியை அழிக்காது வைத்திருக்கிறது. படியெடுக்கும் உரிமையை 2005 பெற்றுத் தந்தது. மூலம் சொல்வதையெல்லாம் உடனே பின்பற்றாத படியொன்றைத் தனியே வைத்திருக்கவேண்டும் என்பதை 2013 கற்பித்தது. இவ்விரண்டும் சேர்ந்தாலன்றிக் காப்பு முழுமையடையாது.