இரு சூரியோதயங் கண்ட ஆகாயப் பயணம்

வெள்ளவத்தையில் வாழ்வோருக்கு ஆகாயவிமானம் புதுமையன்று. தெற்கே சில மைல் தூரத்தில் இரத்மலானை விமான நிலையம் 1935ஆம் ஆண்டு முதலே இருந்துவருகின்றது. ஆயினும், நெடுந்தூர விமானப் பயண வரலாற்றிலே இலங்கைக்கு அழியாத இடந் தேடித்தந்தது இரத்மலானையன்று. காலிக்கு அப்பாலுள்ள கொக்கலை என்னும் ஏரியே.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. இலண்டனையும் சிட்னியையும் இணைத்த ஆகாயமார்க்கம் நடுவே அறுந்தது. ஏப்ரல் 4ஆம் நாள், கொக்கலையிலிருந்து சென்ற கற்றலைனா விமானமொன்றின் தலைவர், கனடா நாட்டினரான லெனாட் பேர்ச்சல், இலங்கையை நோக்கி வந்த யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அவருடைய விமானம் உடனே சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலே குண்டுகள் வீழ்ந்தன. துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனை முதலாய பகுதிகளிலிருந்து மக்கள் ஊர்களை நோக்கிப் பெயர்ந்த கதையை முதியோர் சொல்லப் பலர் கேட்டிருப்பர்.

அறுந்த மார்க்கத்தை மீண்டும் இணைக்க ஒரே வழிதான் இருந்தது: இந்துசமுத்திரத்தை ஒரே மூச்சிற் கடத்தல். குவாண்டாஸ் நிறுவனம் 1943இல் அதனைத் தொடங்கியது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலுள்ள சுவான் ஆற்றிலிருந்து கொக்கலை ஏரிவரை ஏறக்குறைய 3,500 மைல். கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் புகையிரதப் பாதையைப் போலப் பதினான்கு மடங்கு தூரம். இடையிலே இறங்குவதற்கு ஓரிடமுமில்லை.

கற்றலைனாவின் வேகமோ மணிக்கு 125 மைல் அளவே. எனவே பயணம் 27 மணி முதல் 33 மணி வரை நீடித்தது. எதிர்க்காற்றுக்கேற்ப நேரம் கூடும். நேரம் கூடக்கூட எரிபொருள் கரையும். இங்கேதான் கணக்கு மிகக் கடுமையாகின்றது. ஏறக்குறைய 2,000 கலன் எரிபொருளைச் சுமந்தபின், மூன்று பிரயாணிகளுக்கும் சுமார் 150 இறாத்தல் தபாலுக்குமே இடமிருந்தது. புறப்பட்ட முதற் சில மணி நேரத்தில் இயந்திரமொன்று பழுதுற்றால், மற்றையது அப்பாரத்தைத் தாங்காது. கடலிலே இறங்குவதன்றி வேறு கதியில்லை. பகைவர் அறியாவண்ணம் வானொலி மௌனங் காத்தல் வேண்டும். திசையறிய வானத்து மீன்களே துணை. ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயரையே இட்டிருந்தனர். நம் பழைய மாலுமிகள் இதைக் கேட்டால் நகைத்திருப்பர்; அவர்களுக்கு இது பழகிய வித்தையன்றோ!

ஒரு நாளுக்கும் மேலாக வானிலேயே இருந்தமையால், ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிக்கக் கண்டனர். அவ்வாறு கண்டோருக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்’ என்ற பெயரில் நற்சான்றிதழும் வழங்கப்பட்டது.

1944இல் லிபரேற்றர் விமானங்கள் வந்தன. அவை அவுஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையிலுள்ள லேர்மந்திலிருந்து, சற்றே குறுகிய வழியாக, 17 மணியளவிற் கடலைத் தாண்டின. இன்றைய தாரை விமானத்துக்கோ பேர்த்துக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய ஏழு மணிப் பயணமே. 2018இல் அதே குவாண்டாஸ் பேர்த்திலிருந்து இலண்டனுக்கே நேராகப் பறக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 9,000 மைல், 17 மணி. தூரத்தில் அது பெரிது. வானில் தங்கிய நேரத்திலோ கொக்கலைப் பயணத்தை நெருங்கவில்லை.

1945 யூலை வரையில் கற்றலைனாக்கள் 271 முறை இக்கடலைக் கடந்தன. ஒன்றேனும் மடியவில்லை. அமெரிக்காவிடம் இரவலாகப் பெற்றவை அவை. ஆதலால், யுத்தம் முடிந்ததும் ஒப்பந்தப்படி அவுஸ்திரேலியக் கரைக்கப்பால் கடலிலே ஆழ்த்தப்பட்டன.