டவர் ஏன் எங்கள் ஊருக்குக் கடைசியில் வருகிறது? – கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு

ஊர்க் கூட்டத்தில் சிக்னல் பேச்சு வந்தால் முடிவு எப்போதும் ஒன்றுதான்: "கம்பனிக்காரன் ஏமாத்துறான்." கோபம் நியாயமானது. மாதாமாதம் ரீலோட் பண்ணுகிறோம். ஆனால் பிள்ளை பாடம் பார்க்க மொட்டை மாடிக்கு ஏற வேண்டியிருக்கிறது. ஆனாலும் கோபத்தோடு மட்டும் நின்றுவிட்டால், யாரிடம் எதைக் கேட்பது என்பது தெரியாமலே போய்விடும். அதனால் இந்த நாட்டில் தொலைபேசிக் கம்பி எந்தத் திசையில் ஓடியது, அதற்கான காசு யாரிடமிருந்து வந்து எங்கே போனது என்று கொஞ்சம் எழுதிப் பார்க்கிறேன். நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள்.

இலங்கையின் முதலாவது தந்திக் கம்பி 1858 இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையில் இழுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம் காலி. கப்பலில் வரும் செய்தி கொழும்பு வர்த்தகர்களுக்கு முந்திக் கிடைக்க வேண்டும். ஆக முதல் கம்பியே காசு இருந்த இடத்தை நோக்கித்தான் போனது. அன்று தொடங்கிய வழக்கம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

1980 வரை தபாலும் தொலைத்தொடர்பும் ஒரே திணைக்களத்தின் கீழ் இருந்தன. பிரித்த பிறகும் நிலைமை வேகமாக மாறவில்லை. 1990 அளவில் 100 பேருக்கு ஒரு தொலைபேசி இணைப்புக்கூட இந்த நாட்டில் இருக்கவில்லை. விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த கதையை உங்கள் வாப்பாமாரிடம் கேட்டுப் பாருங்கள். அரசாங்கத்திடம் முதலீடு செய்யக் காசு இல்லை. இருந்த காசு கொழும்புக்கே போதவில்லை.

பிறகு தனியார் வந்தார்கள். 1989 இல் செல்டெல் வந்தது. தெற்காசியாவின் முதலாவது கைப்பேசிச் சேவை அதுதான். 1995 இல் டயலொக் வந்தது. 1996 இல் சன்டெல், லங்கா பெல் இரண்டுக்கும் கம்பியில்லாத நிலையான தொலைபேசிக்கான அனுமதி கிடைத்தது. 1997 இல் ஸ்ரீ லங்கா டெலிகொம்மின் 35 வீதப் பங்கை ஜப்பானின் என்டிடி நிறுவனம் 225 மில்லியன் டொலருக்கு வாங்கியது. இணைப்புகள் மளமளவென்று கூடின. ஆனால் எங்கே? முதலில் கொழும்பு, அதைச் சுற்றியுள்ள நகரங்கள், பிறகு மாவட்டத் தலைநகரங்கள். கிராமத்துக்குக் கிடைத்தது 'கொமினிகேசன்' கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று, மீற்றர் ஓடுவதைப் பார்த்தபடி மத்திய கிழக்கில் இருந்தவர்களோடு பேசிய காலம் அது.

இந்த ஓரவஞ்சனைக்குக் காரணம் என்ன? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இலக்கங்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு டவரின் கீழ் 300 குடும்பங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் மாதம் 1,000 ரூபாய்க்கு ரீலோட் போடுகிறது என்று வைப்போம். வருமானம் 3 இலட்சம். அதே டவரை நகரத்தில் நட்டால் அதன் கீழ் 3,000 குடும்பங்கள் இருக்கலாம். வருமானம் 30 இலட்சம். இரும்பின் விலையும் கருவியின் விலையும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சொல்லப்போனால் கிராமத்தில் செலவு கூட. பாதை வெட்ட வேண்டும், மின்சாரக் கம்பி தூரத்திலிருந்து வர வேண்டும், கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் ஏற்ற வேண்டும். அந்த டவரை நாட்டின் பிரதான வலையமைப்போடு இணைக்க பைபர் கேபிள் அல்லது நுண்ணலை இணைப்பு வேண்டும். கருவிகளை டொலரில் வாங்குகிறார்கள், நாங்கள் கட்டணத்தை ரூபாயில் கட்டுகிறோம். இதுதான் அடிப்படைச் சிக்கல். உலகத்தில் எந்த நாட்டுக் கிராமமும் இதிலிருந்து தப்பவில்லை.

அப்படியென்றால் கிராமத்துக்கு வழியே இல்லையா? இருக்கிறது. கணக்கில் விழும் துண்டைப் பொதுப்பணத்திலிருந்து நிரப்புவது. சிலி நாடு 1990களின் நடுவில் இதைப் புத்திசாலித்தனமாகச் செய்தது. "இந்தக் கிராமங்களுக்குத் தொலைபேசி கொடுக்க யார் ஆகக் குறைந்த மானியம் கேட்கிறீர்கள்?" என்று கம்பனிகளிடையே ஏலம் விட்டார்கள். சில இடங்களுக்கு மானியமே வேண்டாம் என்று கம்பனிகள் முன்வந்தன. இலங்கையிலும் 2004 க்குப் பிறகு உலக வங்கி உதவியோடு வந்த 'ஈ ஸ்ரீ லங்கா' திட்டத்தில், தெற்குக்கும் வடகிழக்குக்கும் இதே பாணியில் ஒரு வலையமைப்பு திட்டமிடப்பட்டது. அது கைகூடவில்லை. அந்தத் திட்டத்திலிருந்து எங்களுக்கு மிஞ்சியவை நெனசல நிலையங்கள். அவற்றுக்கு 2014 இல் கேட்ஸ் அறக்கட்டளையின் சர்வதேச விருதுகூடக் கிடைத்தது. ஆனால் மானியக் காலம் முடிந்ததும் மாதாந்த இணையக் கட்டணத்தை யார் கட்டுவது என்ற கேள்வியில் பல நிலையங்கள் தடுமாறின. கட்டடம் திறப்பது சுலபம், மாதாமாதம் பில் கட்டுவதுதான் கஷ்டம்.

இனி சொல்லப் போவதை எங்கள் ஊர்க்காரர்கள் கவனமாக வாசிக்க வேண்டும். 2002 ஆகஸ்ட் வரை வெளிநாட்டு அழைப்புகளில் டெலிகொம் தனியுரிமை வைத்திருந்தது. அது முடிந்து 2003 இல் மற்றவர்களுக்கும் அனுமதி கொடுத்தபோது, வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளில் நிமிடத்துக்கு இவ்வளவு என்று ஓர் அறவீடு வைக்கப்பட்டது. வசதி இல்லாத பகுதிகளில் வலையமைப்பு கட்டும் கம்பனிகளுக்கு அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பது ஏற்பாடு. வெளிநாட்டு அழைப்பு யாருடையது? சவூதியிலும் கட்டாரிலும் குவைத்திலும் வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கு எடுத்த அழைப்புகளும் அதில் அடக்கம். அவர்கள் பேசிய ஒவ்வொரு நிமிடத்திலும் கிராமத்துக்கென்று ஒரு சிறு துளி சேர்ந்தது. ஆனால் சேர்ந்த வேகத்தில் அந்தப் பணம் கிராமத்துக்குப் போகவில்லை, திறைசேரிதான் அதனால் பயனடைந்தது என்று, தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் முன்னாள் பணிப்பாளர் நாயகம் ரொஹான் சமரஜீவ போன்றவர்கள் தொடர்ந்து விமர்சித்து வந்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் 2005 இல் சிடிஎம்ஏ தொலைபேசி வந்தது. மேசையில் வைத்து அன்டெனா இழுத்துவிடுவோமே, அதுதான். கம்பி இழுக்கும் செலவு இல்லாததால் முதல் தடவையாகச் சாதாரணக் கிராமத்து வீடுகளுக்கும் தொலைபேசி பரவலாக வந்தது. ஆனால் சில வருடங்களிலேயே மலிவான கைப்பேசி அதை விழுங்கிவிட்டது. சிடிஎம்ஏயில் போட்ட முதலீடு தேறுமுன்பே தொழில்நுட்பம் மாறியது. சன்டெல் 2012 இல் டயலொக்கிடம் விலைபோனது.

2009 இல் எயார்டெல் வந்ததும் விலைப்போர் உச்சத்துக்குப் போனது. எங்களுக்கு அது பெருநாள் மாதிரி. ஆனால் நாட்டின் மிகப் பெரிய நிறுவனமான டயலொக்கே 2008, 2009 இரண்டு வருடமும் நட்டத்தில் முடிந்தது. கடைசியில் 2010 இல் ஆணைக்குழு தலையிட்டு, இதற்குக் கீழே அழைப்பை விற்கக் கூடாது என்று அடிவிலை நிர்ணயித்தது. நட்டத்தில் ஓடும் கம்பனி முதலில் எதை ஒத்திப்போடும்? ஆட்கள் குறைந்த இடத்து டவரைத்தான்.

இன்னொரு பக்கம் வரி. 2011 இன் தொலைத்தொடர்பு அறவீட்டுச் சட்டம் கட்டணத்தில் 20 வீதத்தை எடுத்தது. பிறகு வீதங்கள் ஏறி இறங்கின. 2018 க்கான வரவு செலவுத் திட்டத்தில் ஒரு டவருக்கு மாதம் 200,000 ரூபாய் அறவிடும் யோசனை வந்தது. மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். நகரத்து டவரின் 30 இலட்சத்தில் 2 இலட்சம் போனால் தாங்கலாம். கிராமத்து டவரின் 3 இலட்சத்தில் 2 இலட்சம் போனால் அந்த டவர் எதற்கு? நிறுவனங்கள் எதிர்த்ததில் வியப்பில்லை. நகரத்துக்கும் கிராமத்துக்கும் ஒரே அளவில் போடும் வரி உண்மையில் கிராமத்துக்கு எதிரான வரி.

குறுக்கு வழியும் பார்த்தார்கள். 2015 இல் கூகுளின் லூன் பலூன்கள் மூலம் நாடு முழுக்க இணையம் என்று ஒப்பந்தம் கைச்சாத்தானது. 2016 பெப்ரவரியில் சோதனைப் பலூன் ஒன்று கம்பளைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இறங்கியது. அலைவரிசைச் சிக்கலில் திட்டம் இங்கே நின்றது. 2021 ஜனவரியில் லூன் நிறுவனமே மூடப்பட்டது. நீண்டகாலம் நின்றுபிடிக்கும் அளவுக்குச் செலவைக் குறைக்க முடியவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். கூகுளின் காசுக்கே கட்டவில்லை.

அதே 2021 இல் கொவிட் காலத்தில், ஊவா மாகாணத்தின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுக்குள் பாறை ஏறிப் படித்த செய்தி உலகம் முழுக்கப் போனது. அந்தக் காலகட்டத்தில் ஆணைக்குழுவின் நிதியில் ஒரு பங்கைப் போட்டு கிராமங்களில் டவர் கட்டும் 'கமட்ட சன்னிவேதனய' திட்டம் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து தொடங்கியது. வழி சரியானது. ஆனால் அடுத்த வருடமே நாடு விழுந்தது. 200 ரூபாயாக இருந்த டொலர் 360 ஐத் தாண்டியது. 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டு. டவரின் பற்றரி தாங்கவில்லை, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. செப்டெம்பரில் கட்டணம் 20 வீதம் கூட்டப்பட்டது. ஒரு காலத்தில் 5 ஆக இருந்த கைப்பேசி நிறுவனங்கள், 2018 இல் எடிசலாட் ஹட்ச்சோடும் 2024 இல் எயார்டெல் டயலொக்கோடும் சேர்ந்ததால் இன்று 3. நிறுவனங்கள் பலமானால் கிராமத்தில் முதலீடு வரலாம். ஆனால் போட்டி குறைந்தால் அவசரமும் குறையும். இரண்டும் உண்மை.

2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வந்துவிட்டது. டவர் தேவையில்லை. ஆனால் வந்தபோது கருவிக்கு ஓர் இலட்சத்துக்கு மேல், மாதக் கட்டணம் பத்தாயிரத்துக்கு மேல் இருந்தது. ஒரு பாடசாலையோ பள்ளிவாசலோ சேர்ந்து எடுக்கலாம். கூலி வேலை செய்யும் குடும்பம் எடுக்க முடியாது.

சரி, நாங்கள் என்ன செய்யலாம்? எனக்குப் படுவதைச் சொல்கிறேன்.

ஒன்று: கம்பனியிடம் மட்டும் போகாமல் ஆணைக்குழுவிடமும் போக வேண்டும். கிராமத்துக்கென்று சேர்த்த நிதியில் எங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கு என்ன ஒதுக்கினீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கலாம். 2017 முதல் அந்தச் சட்டம் எங்கள் கையில் இருக்கிறது.

இரண்டு: ஒரு டவரை மூன்று நிறுவனங்களும் பகிர்ந்தால் செலவு மூன்றாகப் பிரியும். "எங்களுக்கு ஒரு பொது டவர்" என்ற கோரிக்கைக்கு, ஆளுக்கொரு கம்பனியிடம் கெஞ்சுவதைவிடப் பலம் கூட.

மூன்று: டவர் வந்தால் கதிர்வீச்சு என்று பயந்து மறிக்கிறோம், வராவிட்டால் சிக்னல் இல்லை என்று ஏசுகிறோம். பயம் இருந்தால் அளந்து காட்டச் சொல்லிக் கேட்போம். எங்கே நடுவது என்று ஊராகவே இடம் காட்டுவோம்.

க.பொ.த. சாதாரண தரம் எழுதும் பிள்ளைக்கு இன்று கடந்தகால வினாத்தாள் முதல் பெறுபேறு வரை இணையத்தில்தான். வெளிநாட்டில் உழைத்தவர்கள் நிமிடக் கணக்கில் கட்டிய காசுக்கு இந்தப் பிள்ளைகளும் உரித்தாளிகள்.

உங்கள் பகுதியில் எந்த இடத்தில் சிக்னல் விழவில்லை என்று கீழே எழுதுங்கள். பட்டியலாக்கி மனுவோடு இணைப்போம். ஊர்க் குழுக்களில் பகிர்ந்துவிடுங்கள்.