குவாதலூப்பில் ஒரு கைலிக் கட்டம்

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த ஊர்க் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் பனியனின் கழுத்தைத் திருப்பி லேபிளைப் பார்ப்போம். விலை கேட்பதெல்லாம் அப்புறம்தான். குவாதலூப் தீவுகளில், புவாந்தாபித்ர் நகரச் சந்தையில் நான் செய்ததும் அதுதான். டி-ஷர்ட்களில் லேபிள் இருந்தது. பக்கத்தில் அடுக்கியிருந்த துணியில் இல்லை. சிவப்பு, மஞ்சள், பச்சையில் கட்டம் போட்ட பருத்தி. நம்மூரில் யாரிடம் காட்டினாலும் "கைலித் துணி"ன்னுதான் சொல்வார்கள். கடைக்கார அம்மாவிடம் இது என்ன துணி என்று கேட்டேன். நான் எந்த நாடு என்று தெரியாமலேயே சொன்னார்: "மத்ராஸ்."

அந்தத் துணி அங்கே எப்படிப் போனது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஊரைப் பற்றி. ஆப்பிரிக்காவுக்கு எதிர்க்கரையில், கரீபியன் கடலும் அட்லாண்டிக்கும் சேரும் இடத்தில் இருக்கும் தீவுக்கூட்டம் குவாதலூப். பிரான்ஸின் ஒரு மாவட்டம் மாதிரி; 1946 முதல் அப்படி. அலுவலக வேலையாகப் பாரிஸ் போயிருந்தபோது எட்டு நாள் லீவு கிடைத்தது. பாரிஸிலிருந்து எட்டு, எட்டரை மணி நேர விமானம். இறங்கினால் அதே யூரோ, அதே பிரெஞ்சு போலீஸ். (போக நினைப்பவர்களுக்கு: அது ஷெங்கன் எல்லைக்குள் வராது. கடல்கடந்த பகுதிகளுக்கும் செல்லும் என்று விசாவில் இருக்க வேண்டும்.) இரண்டு பெரிய தீவுகள் வண்ணத்துப்பூச்சியின் இரண்டு இறக்கை போலச் சேர்ந்திருக்கின்றன. ஒன்றில் மழைக்காடும், 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலையும், கார்பே அருவிகளும். இன்னொன்று தட்டையான கரும்புக்காடு. அதன் கிழக்கு முனையில் நின்றால் ஒரு பக்கம் அட்லாண்டிக் பாறையில் மோதுகிறது, மறுபக்கம் கரீபியன் அமைதியாகக் கிடக்கிறது. பார்க்க வேண்டிய இடம். ஆனால் என்னை உட்கார வைத்தது சாப்பாடு.

மெனுவில் "கொலம்போ" என்று இருந்தது. ஆட்டுக்கறி கொலம்போ கேட்டேன். மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள், மிளகு. ஒரு வாய் வைத்ததும் இது குழம்பு என்று நாக்குக்குத் தெரிந்துவிட்டது. இலங்கைத் தலைநகரின் பெயர்தான் இது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிரெஞ்சுக் காதில் விழுந்த "குழம்பு" என்றே தோன்றுகிறது. ஏனென்றால் அது தனியாக இல்லை. அங்கே பாகற்காய் "பவோக்கா". வேப்பிலை "வெப்பெலெ". மிளகுதண்ணி "மொல்தானி".

சந்தையிலும் சாப்பாட்டு மேசையிலும் இதைப் பார்ப்பவர் எவரும் போடும் கணக்கு இதுதான்: தமிழ்க் கூலிகள் கப்பலில் போனார்கள், கூடவே குழம்பும் கட்டம் போட்ட துணியும் போயின. நானும் அப்படித்தான் நினைத்தேன். குழம்பு விஷயத்தில் அது சரி. துணி விஷயத்தில் தவறு. ஆட்கள் போவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னாலேயே துணி போய்விட்டது.

அந்தத் தீவுகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பிரிவுப் பாட்டு உண்டு: 'அதியே ஃபுலார், அதியே மத்ராஸ்'. தலைத்துணிக்கும் மதராஸுக்கும் விடை சொல்லும் தலைப்பு. 18ஆம் நூற்றாண்டில் அங்கே ஆளுநராக இருந்த பூயே இயற்றியது என்று சொல்வார்கள். தமிழர்களை ஏற்றிய முதல் கப்பல் குவாதலூப் வந்ததோ 1854-ல்தான்.

அப்படியானால் துணி எந்த வழியாகப் போனது? புவாந்தாபித்ரில் தார்பூசியே சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015-ல் திறந்த 'மெமோரியால் ஆக்த்' என்ற அடிமை வணிக நினைவகம் இருக்கிறது. கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் என்று நுழைந்தவன் மதியம் வரை அங்கேயே இருந்தேன். நான்த் போன்ற பிரெஞ்சுத் துறைமுகங்களிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு ஆள் வாங்கப் போன கப்பல்களில் சரக்கின் பெரும்பங்கு துணி. அதில் இந்தியப் பருத்திக்குத் தனி மவுசு. சாயம் போகாது, நெசவு கெட்டி. மேற்கு ஆப்பிரிக்க வணிகர்கள் துணியைக் கையால் தடவி, முகர்ந்து பார்த்து வாங்குவார்கள். போலி என்றால் கண்டுபிடித்துவிடுவார்கள். புதுச்சேரிப் பக்கம் அவுரியில் முக்கியெடுத்த நீலத்துணிக்குப் பிரெஞ்சில் பெயரே 'கினே'. ஆப்பிரிக்கக் கினிக் கரைக்கான துணி என்று அர்த்தம். செனகலில் அது ஏறக்குறைய காசு மாதிரியே புழங்கியது. சென்னைப் பக்கத்துக் கட்டம் போட்ட ருமால்களும் அதே சந்தைக்குப் போயின.

என் தாத்தா சென்னிமலையில் தறி ஓட்டியவர். கட்டம் போட்ட துணியில் நூலுக்கு முதலில் சாயம் ஏற்ற வேண்டும். பாவிலும் ஊடையிலும் நிறத்தை எண்ணி வைக்க வேண்டும். ஒரு இழை பிசகினால் மொத்தக் கட்டமும் கோணிவிடும். இதைச் சின்ன வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சோழமண்டலக் கரை நெசவாளிக்கும் கொங்கு நாட்டுக்கும் நேரடித் தொடர்பு காட்ட என்னிடம் ஆதாரம் இல்லை. காட்டப் போவதுமில்லை. ஆனால் அந்த நினைவகத்தில் நின்றபோது "உலகமெல்லாம் கட்டிய தமிழ்த் துணி" என்று நாம் பேசும் பெருமை தொண்டையில் சிக்கியது. நெசவாளிக்குத் தன் துணி எதற்கு விலையாகப் போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வாங்கி ஏற்றுமதி செய்தவனுக்குத் தெரியும்.

குவாதலூப்பில் அடிமைமுறை 1848 மே 27-ல் ஒழிந்தது. மறு வருடமே இழப்பீட்டுச் சட்டம் வந்தது. இழப்பீடு அடிமைகளாக இருந்தவர்களுக்கு அல்ல, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு! விடுதலையான பலர் கரும்புக்காட்டுக்குத் திரும்பவில்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் புதுச்சேரி, காரைக்காலில் ஆள் பிடித்தார்கள். 1854 டிசம்பர் 24 அன்று 'ஓரெலி' என்ற கப்பல் 344 பேரைக் கொண்டுவந்து இறக்கியது. 1861-ல் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டபின் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்க முடிந்தது. 1880-களின் முடிவுக்குள் சுமார் 42,000 பேர். ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்தால் திரும்பும் பயணம் இலவசம் என்று காகிதத்தில் இருந்தது. திரும்பியவர்கள் சிறுபான்மைதான்.

அவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுக்காரர்களா என்பதே வழக்கானது. 1863-ல் அங்கே பிறந்த ஆன்ரி சிதம்பரோம் (நம்ம சிதம்பரம்தான்) 1904-ல் இந்திய வம்சாவளியினரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் போனபோது ஆளுநர் மறுத்தார். வழக்கு 1923 வரை இழுத்தது. பத்தொன்பது வருடம். கடைசியில் ஜெயித்தார்.

காபெஸ்தேர் ஊரில் சாங்கி என்ற இடத்தில், பெரிய சாலையோரமாகவே ஒரு கோயில். நம்மூர்க் கோபுரப் பொம்மைகள், நம்மூர்ப் பெயின்ட். மாரியம்மன் அங்கே "மாலியேமின்". மதுரைவீரன் "மல்தேவிலின்". கடல் கடந்தவர்களைக் காத்த நாகூர் மீரான் "நாகூமிலா". இந்துத் தெய்வங்களோடு அவருக்கும் கொடிமரம் ஏற்றிக் கும்பிடுகிறார்கள். அங்கே பார்த்த ஒரு பெரியவர் நான் தமிழ்நாட்டுக்காரன் என்றதும் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். நாத்ரோன் என்று அவர்கள் சொல்லும் கூத்துப்பாட்டு. பிரெஞ்சு எழுத்தில் எழுதிய தமிழ். கணீரென்று பாடினார். உச்சரிப்பு முக்கால்வாசி புரிந்தது. பாடி முடித்து ஒரு வார்த்தையில் விரலை வைத்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். தேய்ந்து உருமாறிப் போயிருந்தது. நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன், எனக்கும் பிடிபடவில்லை. அவர் ஏமாந்ததாகத் தெரியவில்லை. நோட்டை மூடிக்கொண்டு, வருகிறவர்கள் எல்லோரிடமும் கேட்பேன் என்றார்.

சந்தைக் கடைக்கார அம்மா ஆப்பிரிக்க வம்சாவளி. தலைத்துணியை ஒரு முனை வைத்துக் கட்டினால் மனசு காலி, இரண்டு என்றால் பேசி முடித்தாச்சு, மூன்று என்றால் கல்யாணமாச்சு, நான்கு என்றால் இன்னும் இடமிருக்கு என்று கட்டிக் காட்டிச் சிரித்தார். சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லும் கதைதான், இருந்தாலும் நன்றாகச் சொன்னார். இந்தத் துணி எங்கிருந்து வருகிறது என்றதற்கு, "எங்க பாட்டி காலத்துத் துணி" என்றார். அதுவும் உண்மைதான்.

இரண்டு மீட்டர் வாங்கி வந்தேன். அம்மா விரித்துப் பார்த்தாள். விளிம்பை விரலால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்து நெசவைப் பார்த்தாள். "ஏங் கண்ணு, இதுக்கா அத்தன தூரம் போயிட்டு வந்தே? ஈரோடு கனி மார்க்கெட்ல கெடைக்காததா?"