புல்வெளி யாருடையது?

கவிஞர் ஒருவர் வீட்டுமனை விற்ற கதை இது. ஜார்ஜ் மெரிக் 1920இல் கவிதைத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். மறு ஆண்டே, ஃப்ளோரிடாவில் மயாமிக்கு அருகே தந்தை விட்டுச்சென்ற பழத்தோட்டத்தை மையமாகக் கொண்டு, கோரல் கேபிள்ஸ் என்ற நகரை மனைமனையாக விற்கத் தொடங்கினார். 1923இல் கிரனாடா கோல்ஃப் மைதானம் திறக்கப்பட்டது. அடுத்து பில்ட்மோர் ஹோட்டலும் அதன் மைதானமும் எழுந்தன. மனைகளின் அருமையை எடுத்துச்சொல்ல, மும்முறை அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே அமர்த்தினார் மெரிக்.

1925இல் ஃப்ளோரிடா முழுவதும் நில மோகம் உச்சத்தில் இருந்தது. நிலத்தைக் கண்ணால் காணாதவர்கள்கூட முன்பண ரசீதைக் கைமாற்றி லாபம் பார்த்தார்கள். ஆண்டின் இறுதிக்குள் ரயில் நிறுவனங்கள் கட்டுமானப் பொருள்களை ஏற்ற மறுத்தன. 1926 ஜனவரியில் பில்ட்மோர் திறப்புவிழா கண்டது. அதே மாதம் மயாமி துறைமுகத்தில் ஒரு கப்பல் கவிழ்ந்து வழியை அடைத்தது. செப்டம்பர் 18இல் வீசிய பெரும்புயல் எஞ்சிய நம்பிக்கையையும் கொண்டுபோயிற்று. மெரிக் செல்வமனைத்தையும் இழந்தார். 1942இல் அவர் இறந்தபோது மயாமியின் அஞ்சல் அதிகாரி.

எண்பது ஆண்டுகள் கழித்து அதே நாடகம் மறுபடி அரங்கேறியது. கோல்ஃப் குடியிருப்புகள் அமெரிக்காவெங்கும் பெருகியிருந்தன. மைதானம் அங்கே விளையாட்டுக்கானது என்பதைவிட வீடு விற்பதற்கான தூண்டில். குடியிருப்போரில் பலர் ஆடுவதேயில்லை. சாளரத்துக்கு வெளியே பசுமை இருந்தால் அவர்களுக்குப் போதும். வீடுகள் விற்றுத் தீர்ந்தபின் அந்தப் பசுமைக்கு நீரூற்றும் செலவு யாருடையது என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. 2006 முதல் பல ஆண்டுகள், திறந்த மைதானங்களைவிட மூடியவையே அதிகம். வீட்டு விலைகளும் அப்போதே சரிந்தன. உறுப்பினர் கட்டணம் கட்டாயமாக இருந்த சில இடங்களில், மலிவாகக் கிடைத்த வீட்டையும் வாங்க ஆளில்லை. அரிசோனாவின் அவட்டுக்கியில் 2013இல் மூடப்பட்ட மைதானத்துக்காகக் குடியிருப்போர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

மெரிக்கின் கிரனாடாவோ இன்றும் பசுமையாகவே இருக்கிறது. அது நகராட்சியின் உடைமை. விற்றவர் வீழ்ந்தபின்னும் அதற்கு நீரூற்ற ஊரார் இருந்தார்கள். பின்வந்தவர்கள் மெரிக்கிடம் விற்கும் கலையை மட்டுமே கற்றுக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது.