ஒரு சொட்டு ரத்தமும் ஒரு கடலும்

1/ கடல் கெட்டுப்போனா மீன் செத்து மிதக்கும்னு நினைக்கிறோம். சரி, சாகாம நீந்திட்டு இருக்கிற மீனுக்கு ஒண்ணும் ஆகலையா? அதைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்டின் வரலாறு, ஒரு த்ரெட்டா.

2/ மண்ணீரல் அகற்றப்பட்டவரின் ரத்த ஸ்மியரில், சில சிவப்பணுக்களுக்குள் சின்ன கரும்புள்ளி தெரியும். உட்கருவின் மிச்சம் அது, அதாவது டிஎன்ஏ. நூறு வருஷத்துக்கு முன்பே இதை விவரித்த ஹோவெல், ஜாலி இருவர் பெயரில் 'ஹோவெல்-ஜாலி பாடி' என்கிறோம்.

3/ 1970-களில் இந்தப் புள்ளிக்குப் புது வேலை வந்தது. செல் பிரியும்போது குரோமோசோம் உடைந்தால், அந்தத் துண்டு தனியா ஒதுங்கி குட்டி உட்கரு ஆகிவிடும். பெயர் மைக்ரோநியூக்ளியஸ். எலியின் எலும்பு மஜ்ஜையில் இதை எண்ணி, எந்த ரசாயனம் மரபணுவைத் தாக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க.

4/ 1980-களில் மீனுக்கு வந்தாங்க. நம்ம சிவப்பணுவில் உட்கரு கிடையாது. மீனின் சிவப்பணுவில் உண்டு. ஒரு சொட்டு ரத்தம், ஒரு ஸ்லைடு, ஒரு மைக்ரோஸ்கோப் போதும். பெரிய உட்கரு பக்கத்தில் குட்டி இருக்கான்னு எண்ண வேண்டியதுதான்.

5/ அடுத்தது காமெட் டெஸ்ட். 1984-ல் ஸ்வீடனில் ஓஸ்ட்லிங், யோஹான்சன் இருவரும் உருவாக்கியது. 1988-ல் நரேந்திர சிங் குழு மேம்படுத்தியது. செல்லை ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், உடைந்த டிஎன்ஏ வால்நட்சத்திரம் மாதிரி நீளும். வால் எவ்வளவு பெருசோ, சேதம் அவ்வளவு.

6/ கடலில் இதுக்குத் தோதான உயிர் மஸ்ஸல் சிப்பி. பாறையில் ஒட்டிக்கிட்டு, நாள் முழுக்க கடல்நீரை வடிகட்டித் தின்னும். மீன் மாதிரி வேறு இடத்துக்கு ஓடாது. அதனால் அது காட்டும் சேதம் அந்த இடத்தின் சேதம்.

7/ 2002 நவம்பர். ஸ்பெயினின் கலீசியா கடற்கரைக்கு அப்பால் 'பிரெஸ்டீஜ்' எண்ணெய்க் கப்பல் உடைந்து மூழ்கியது. 60,000 டன்னுக்கு மேல் எண்ணெய் கடலில். மஸ்ஸல்களில் காமெட் டெஸ்ட் செஞ்சாங்க. எண்ணெயை அள்ளப்போன மனிதர்களுக்கும் அதே டெஸ்ட்! அவர்கள் டிஎன்ஏ-விலும் சேதம் கூடியிருந்தது.

8/ 2010-ல் வந்த ஆய்வு இன்னும் முக்கியம். சுத்தம் செய்யப்போன மீனவர்களிடம், 2 வருஷம் கழித்தும், போகாதவர்களைவிட குரோமோசோம் மாற்றங்கள் அதிகம். மூச்சுத் தொந்தரவும் அதிகம்.

9/ பயமுறுத்தச் சொல்லலை. டிஎன்ஏ சேதம் என்றாலே புற்றுநோய் இல்லை; செல் நிறைய சேதத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். இது எச்சரிக்கை மணி, தீர்ப்பு இல்லை.

10/ ஆனா 2017-ல் எண்ணூரில் கப்பல்கள் மோதியபோது வாளியால் எண்ணெய் அள்ளியவர்களை நாம பார்த்தோம். அடுத்த முறை வாளியோடு கையுறை, மாஸ்க், பூட்ஸ் கொடுங்க. யார் யார் இறங்கினாங்கன்னு ஒரு பட்டியல் எழுதி வையுங்க. பிறகு அவங்களைக் கூப்பிட்டுப் பரிசோதிக்க எங்களுக்கு அந்தப் பட்டியல் வேணும். 🙏