கூலிம் வெயிலும் ஒரு கணக்கும்

ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த நம் கெடாவின் கூலிம் வட்டாரத்தில், 2008-இல் சூரியத் தகடு உற்பத்தி தொடங்கியது. அமெரிக்க நிறுவனமான ஃபர்ஸ்ட் சோலார், காட்மியம் தெலுரைடு என்ற பொருளைக் கண்ணாடியில் மெல்லியதாகப் படியவைத்துத் தகடு செய்யும் நிறுவனம். 2023-இல் அதே நிறுவனம் சுவீடனின் எவோலாரை விலைக்கு வாங்கியது. எவோலாரின் ஆராய்ச்சி வேறொரு பொருளைப் பற்றியது. அதன் பெயர் பெரோவ்ஸ்கைட்.

இது 1839-இல் ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைத்த கனிமத்தின் பெயர். அதே அடுக்கில் அணுக்கள் அமைந்த எல்லாப் பொருளுக்கும் இன்று இந்தப் பெயர்தான். எந்த அணுக்களைச் சேர்த்தால் அந்த அடுக்கு நிலைக்கும்? 1926-இல் கோல்ட்ஷ்மிட் என்ற அறிஞர் இதற்கு ஒரு வாய்பாடு சொன்னார். அயனிகளின் ஆரங்களைக் கூட்டி, வகுத்து, ஒரு வர்க்கமூலம் சேர்த்தால் போதும். விடை 1-ஐ ஒட்டி வந்தால் அடுக்கு நிற்கும்.

2009-இல் ஜப்பானின் மியாசாக்கா குழுவினர் இப்பொருளால் வெயிலை மின்சாரமாக்கினர். அன்று கிடைத்த திறன் 3.8 விழுக்காடு. இன்று ஆய்வுக்கூடத்தில் 26 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. கரைசலாகப் பூசி உலர்த்தியே இதைச் செய்ய முடியும். ஆனால் ஈரமும் வெப்பமும் இதைக் கெடுக்கும். சிறந்த வகைகளில் நச்சான ஈயமும் உண்டு.

ஈயத்துக்குப் பதில் எது? ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க ஆயுள் போதாது. வால்டர் கோன் 1964, 1965-இல் சகாக்களுடன் வகுத்த கோட்பாடு, எலக்ட்ரான்களின் நடத்தையைக் கணினியில் கணக்கிட வழிவிட்டது. அதற்காக 1998-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இன்று ஆயிரக்கணக்கான சேர்மங்களைக் கணினியில் சலித்தெடுத்த பிறகே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். கோல்ட்ஷ்மிட்டின் வாய்பாடே 2019-இல் திருத்தம் பெற்றது. சோதித்துப் பார்த்த 576 பொருள்களில் பழைய வாய்பாடு 74 விழுக்காடு சரியாகச் சொன்னது. கணினி கண்டெடுத்த புதியது 92 விழுக்காடு.

கணினி சொன்னதெல்லாம் பலித்துவிடாது. ஈயத்துக்கு மாற்றாகத் தோன்றிய வெள்ளீயம் காற்றுப் பட்டால் எளிதில் கெடுகிறது. கடைசித் தீர்ப்பு ஆய்வுக்கூடத்தில்தான். ஆனால் தொடக்கம் கணக்கில் இருக்கிறது.

பெற்றோரே, கூலிமில் நம் பிள்ளைகள் ஷிப்டு வேலையோடு நின்றுவிட வேண்டுமா? "கூடுதல் கணிதம் கஷ்டம்" என்று நான்காம் படிவத்தில் ஒதுங்கும் பிள்ளையிடம் கோல்ட்ஷ்மிட்டின் வாய்பாட்டைக் கொடுத்துப் பாருங்கள். அவர்களால் போட முடிந்த கணக்குதான் அது.